பக்கத்து வீட்டுத் தரையை உடைக்கலாமா?

ஆரம்பத்துலயே சொல்லிடறேன், இது சாக்கடை பத்தின எபிசோட். சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க நிறுத்தி வச்சுட்டு, முடிச்சுட்டு வாங்க.

போன வருஷம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாஷிங் மெஷின் தண்ணியை வெளியே தள்ளின அடுத்த நிமிஷம், எங்க வீட்டு பாத்ரூம் ஜாலி வழியா கறுப்பா தண்ணி மேலே ஏறி வந்தது. பிளம்பர் வந்தார். நீளமான மூங்கில் பிளாச்சை விட்டுப் பார்த்தார். பன்னிரண்டு அடி போய் முட்டி நின்னுடுச்சு. வெளியே வந்து கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினார். அந்த இடம் எங்க இடம் இல்ல.

கொஞ்சம் மேப் சொல்லணும். எங்க வீடு சென்னைப் புறநகர்ல. தாத்தா வாங்கின ஒரே மனையை அப்பா தலைமுறையில மூணா பாகம் பிரிச்சாங்க. எங்களுக்குக் கடைசிப் பாகம். நடுப் பாகத்தைச் சித்தப்பா வித்துட்டார். மண்ணுக்கு மேலேதான் பாகம் பிரிச்சாங்க, கீழே ஓடுற டிரெயினேஜ் லைன் ஒண்ணே ஒண்ணுதான். எங்க கழிவு நடு வீட்டு போர்ட்டிகோவுக்கு அடியில ஒரு சேம்பர் வழியா போய்த்தான் தெரு மேன்ஹோல்ல விழும். நடு வீட்டு அங்கிள் ரெண்டு வருஷம் முன்னாடி போர்ட்டிகோ முழுக்க டைல்ஸ் ஒட்டினப்போ, அந்த சேம்பர் மூடி மேலயும் சேர்த்து ஒட்டிட்டார். அடைப்பு சரியா அதுக்குள்ளே.

அங்கிள் நல்ல மனுஷர். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஆனா அவர் வீட்டு பைப் அந்த சேம்பரைத் தாண்டித்தான் லைன்ல சேருது, அதனால அவருக்குப் பிரச்சினையே இல்ல. "எங்க வீட்டுல தண்ணி நல்லாத்தானே போகுது தம்பி, உங்க பக்கம் நல்லா பாருங்க"ன்னார். டைல்ஸை உடைக்கணும்னதும் முகம் மாறிடுச்சு. மூணு நாள் இழுத்தது. குளிக்கிறதுக்கு ஒரு வாளி, பாத்திரம் கழுவின தண்ணி தென்னை மரத்துக்கு, மத்ததுக்கு ஆபீஸ். அம்மாவும் அந்த வீட்டு ஆன்ட்டியும் இருபது வருஷமா குழம்பு கிண்ணம் மாத்திக்கிறவங்க. மூணாவது நாள் எங்க வீட்டுல இருந்த அவங்க கிண்ணம் காலியாவே திரும்பிப் போச்சு. எங்க தெருவுல அது பெரிய விஷயம்.

அன்னிக்கு ராத்திரி "பக்கத்து வீட்டுத் தரையை உடைக்க உரிமை இருக்கா"ன்னு தேட ஆரம்பிச்சேன். மூணு மணி வாக்கில ரோமாபுரியில இருந்தேன்.

கி.பி. 533-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு பெரிய சட்டத் தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் டைஜெஸ்ட். மொத்தம் 50 புத்தகங்கள். பழைய ரோமானியச் சட்ட அறிஞர்கள் எழுதியதிலிருந்து வெட்டி எடுத்து, தலைப்பு வாரியாக அடுக்கியது. அதில் 43-வது புத்தகம், 23-வது தலைப்பு முழுக்க சாக்கடைகளைப் பற்றியது. பெரும்பகுதி உல்பியன் எழுதினது. இவர் இன்றைய லெபனானில் இருக்கும் டயர் நகரத்துக்காரர், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் உச்சப் பதவிகள் வரை போனவர். அவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து வீட்டுச் சாக்கடை அடைப்பைப் பத்தி வரி வரியாக எழுதியிருக்கார்.

ரோம்னு சொன்னாலே எல்லாரும் க்ளோவாக்கா மேக்ஸிமாவைக் காட்டுவாங்க. நகரத்தின் பிரம்மாண்டமான பொதுச் சாக்கடை. ஆனா இந்தச் சட்டம் அதைப் பத்தினது இல்ல. பொதுச் சாக்கடையை அரசாங்கம் பார்த்துக்கும். இது தனியார் சாக்கடைக்கு மட்டும், அதாவது உங்க வீட்டிலிருந்து கிளம்பி இன்னொருத்தர் வீட்டுக்கு அடியில் போகும் லைனுக்கு. ரோமானிய வீடு எல்லாத்துக்கும் சாக்கடை இணைப்பு இருந்ததுன்னு நினைச்சுடாதீங்க. பாம்பேயில் நிறைய வீடுகளில் வெறும் குழிதான். இணைப்பு இருந்தவங்களுக்குத்தான் இந்தத் தகராறு.

ரோமில் பிரேட்டர்னு ஒரு நீதி அதிகாரி இருப்பார். அவர் தரும் ஒரு வகை ஆணைக்கு இன்டர்டிக்ட்னு பெயர். முழு வழக்கு நடத்தித் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடியே "இதைச் செய்யாதே" என்று வேகமாகத் தடுக்கும் ஆணை. சாக்கடைக்கான ஆணையின் சாரம் இதுதான்: ஒருத்தர் தன் வீட்டிலிருந்து உன் வீட்டுக்குள் போகும் சாக்கடையைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ வந்தால், நீ பலத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது. அவர் ஏதாவது சேதம் பண்ணினால் ஈடு செய்வதாக உறுதி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தடுக்கக் கூடாது.

காரணத்தையும் உல்பியன் சொல்றார். சாக்கடையைத் தூர்வாருவதும் பழுது பார்ப்பதும் ஊரோட ஆரோக்கியத்துக்கும் கட்டடங்களோட பாதுகாப்புக்கும் சம்பந்தப்பட்டது. அழுக்கு தேங்கினால் காற்று கெட்டு நோய் வரும், சுவர் இடியும். கிருமி பத்தி எதுவும் தெரியாத காலத்துல எழுதினது இது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்தது. மற்ற இன்டர்டிக்ட்கள் பலவற்றில் வழக்கமாக ஒரு நிபந்தனை ஒட்டிக்கிட்டு வரும். நீங்க அந்த உரிமையைப் பலவந்தமாகவோ, திருட்டுத்தனமாகவோ, மத்தவர் தயவில் தற்காலிகமாகவோ அனுபவிச்சிருக்கக் கூடாது; அப்படி இருந்தா பாதுகாப்பு கிடையாது. சாக்கடை ஆணையில் மட்டும் அந்த நிபந்தனையை வேணும்னே சேர்க்கலைன்னு உல்பியன் எழுதறார். ஏன்னா இது பொது நன்மை. அப்படின்னா, நீங்க திருட்டுத்தனமா லைன் இழுத்தவராகவே இருந்தாலும், அடைப்பு எடுக்க வந்தா உங்களைத் தடுக்க முடியாது. உங்களுக்கு அந்த லைன் மேல உரிமை இருக்கா இல்லையாங்கறது தனி வழக்கு, அது அப்புறம்.

எங்க வேலையில ஆன்-கால் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்ஷன் படுத்தா, "இந்த கோடை எவன் எழுதினான்"னு யாரும் அந்தக் கால்ல கேக்க மாட்டாங்க. முதல்ல சர்வீஸை எழுப்பு. யார் தப்புங்கறது காலையில போஸ்ட்மார்ட்டம்ல. நாங்க இதை ஏதோ கூகிள் கண்டுபிடிச்ச ஞானம் மாதிரி பிரசன்டேஷன் போட்டுக் காட்டறோம்.

சரி, டைல்ஸ்? அதுவும் இருக்கு. ஃபாபியஸ் மேலா என்ற இன்னொரு அறிஞரின் கருத்தை உல்பியன் எடுத்துக் காட்டறார்: சாக்கடையைச் சுத்தம் செய்ய பக்கத்து வீட்டுக்குள் போகலாம், தேவைப்பட்டால் தரைத்தளத்தைப் பெயர்க்கலாம். உடனே பாம்போனியஸ் என்று ஒருத்தர் சந்தேகம் கிளப்பறார்: அப்படிப் பெயர்த்தால் நஷ்டஈடு பொறுப்பு வந்துடுமே? அதுக்குப் பதில்: பெயர்த்ததைப் பழையபடி செய்துதரத் தயாராக இருந்தால் அந்தப் பொறுப்பு வராது. மூணு வக்கீல்கள் போர்ட்டிகோவில் நின்னுக்கிட்டு என் பிரச்சினையைப் பேசற மாதிரியே இருந்தது. படுக்கையில எழுந்து உட்கார்ந்துட்டேன்.

இங்கே லண்டனுக்கு ஒரு தாவல், ஏன்னா ரோமானியர்கள் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்தாங்க. அடைப்பு எடுக்க வர்றவருக்கு வழி விடு, சரி. அடைச்சவரை என்ன செய்யறது?

14-ம் நூற்றாண்டு லண்டனில் பக்கத்து வீட்டுத் தகராறுகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. அசைஸ் ஆஃப் நியூசன்ஸ். சுவர், கூரைத் தண்ணி, ஜன்னல், கக்கூஸ், எல்லாம் அங்கே வரும். மேயரும் ஆல்டர்மன்களும் நேரில் வந்து இடத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். கக்கூஸ் குழியைக் கல் வைத்துக் கட்டினால் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இரண்டரை அடி தள்ளணும், கல் இல்லாவிட்டால் மூன்றரை அடி தள்ளணும் என்று விதி இருந்தது.

அந்தப் பதிவேட்டில் 1314-ம் ஆண்டு ஒரு பெண் வருகிறார், ஆலிஸ் வேட். தேம்ஸ் கரையில் குயீன்ஹைத் வட்டாரம். அங்கே பல வீடுகளுக்கு அடியில் ஒரு கால்வாய் ஓடியது. கூரையிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் மழைத்தண்ணியை வாங்கிக்கிட்டு, அந்த ஓட்டத்தால் கரையில் இருந்த பொதுக் கழிப்பறையைக் கழுவிவிடுவது அதன் வேலை. ஆலிஸ் தன் மாடி அறையில் இருந்த கழிப்பறையிலிருந்து ஒரு மரக்குழாய் போட்டு அந்தக் கால்வாயில் இணைச்சுட்டார். கால்வாய் அடிக்கடி அடைச்சுக்கிச்சு. யார் வீட்டுக்கு அடியில் அது ஓடியதோ அவங்களுக்கெல்லாம் நாற்றம் தாங்கல. தீர்ப்பு: 40 நாளில் குழாயை எடுத்துவிட வேண்டும்.

படிச்சதும் எனக்கு ஆலிஸ் மேல பரிதாபம்தான் வந்தது. 1314-ல மாடியில கழிப்பறை, அதுக்கு பைப் கனெக்ஷன்! எர்லி அடாப்டர். அவங்க செஞ்ச தப்பு ஒண்ணுதான். மழைத்தண்ணிக்கு டிசைன் பண்ணின லைன்ல வேற லோடை ஏத்திட்டாங்க, அந்த லைனைப் பகிர்ந்துக்கிற மத்தவங்களைக் கேக்காம.

பரிதாபம் வந்த அஞ்சு நிமிஷம் கழிச்சு எனக்கு இன்னொண்ணும் உறைச்சது. எங்க வீட்டு மாடியில 2017-ல எனக்குன்னு ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டினாங்க. அப்புறம் வாஷிங் மெஷின் வந்தது. எல்லாமே தாத்தா காலத்து நாலு இன்ச் லைன்லதான் போகுது. அங்கிளை யாரும் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல. ஆலிஸ் வேட் நான்தான்.

லண்டன்காரர்களுக்கு இது தீரவே இல்ல. 1660 அக்டோபரில் சாமுவேல் பெப்பீஸ் தன் நிலவறைக்குள் இறங்கி ஒரு மலக்குவியலில் கால் வைக்கிறார். பக்கத்து வீட்டு டர்னரின் கழிவுக்குழி நிரம்பி இவர் பக்கம் வந்திருக்கு. டைரியில் கத்தவில்லை, சரி செய்யணும்னு எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடறார். 1704-ல் டெனன்ட் எதிர் கோல்ட்வின் என்ற வழக்கில் அதே மாதிரி கக்கூஸ் சுவர் கெட்டுப்போய் பக்கத்து நிலவறைக்குள் கழிவு இறங்கியது. அழுக்கு யாருடையதோ அவர்தான் அது அடுத்தவர் இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கணும் என்று தலைமை நீதிபதி ஹோல்ட் முடிவு செய்தார். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படும் வழக்கு.

20-ம் நூற்றாண்டில் கதை இன்னும் விநோதம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் 1936-ல் வந்து, 1937 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன் விளைவாக ஒரே தெருவில் ரெண்டு விதமான சாக்கடை. அந்தத் தேதிக்கு முன் கட்டின கூட்டுச் சாக்கடை பொதுச் சொத்து. அதுக்கு அப்புறம் கட்டினது பெரும்பாலும் தனியார் சொத்து, இணைஞ்சிருக்கிற எல்லா வீட்டுக்காரங்களும் சேர்ந்து பொறுப்பு. முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு சொத்து தனக்கு இருக்கறதே தெரியாது. அடைப்பு வந்து, பில் வரும்போதுதான் தெரியும். கடைசியில் 2011 அக்டோபர் 1 அன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது வலையமைப்போடு இணைந்திருந்த கூட்டுச் சாக்கடைகளைத் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாத்தினாங்க. மண்ணுக்கு அடியில நடந்த அவ்வளவு பெரிய கைமாற்றம், மேலே யாருக்கும் ஒண்ணும் தெரியல.

இனி நம்ம ஊர். இந்திய ஈஸ்மென்ட் சட்டம், 1882. அடுத்தவர் நிலத்தின் மேல் நமக்கு இருக்கும் வழி, தண்ணி, வெளிச்சம் போன்ற உரிமைகளைப் பற்றியது. தமிழில் வசதியுரிமைன்னு சொல்வாங்க. பேர்தான் இந்தியச் சட்டம். முதலில் இது அமலானது மெட்ராஸ் கவர்னரின் ஆட்சிப் பகுதி, மத்திய மாகாணம், குடகு, இந்த மூணு இடத்தில்தான். பம்பாய்க்கெல்லாம் அப்புறம்தான் போச்சு.

அதில் 24-வது பிரிவு. (இங்கிலாந்தின் 1936 சட்டத்திலும் பழைய கூட்டுச் சாக்கடைகளைப் பற்றிய பிரிவு 24-தான். தற்செயல். ஆனா எனக்கு இந்த மாதிரி விஷயம் ரொம்பப் பிடிக்கும்.) நமக்கு ஒரு வசதியுரிமை இருந்தால் அதை முழுசா அனுபவிக்கத் தேவையானதைச் செய்ய உரிமை உண்டு, ஆனால் அடுத்தவருக்கு முடிந்தவரை குறைந்த தொந்தரவோடு செய்யணும், சேதமானதை இயன்றவரை சரி செய்து தரணும். சட்டமே உதாரணமும் கொடுக்குது: உங்க தண்ணிக்குழாய் அடுத்தவர் நிலத்தில் ஓடினால், பழுது பார்க்க நீங்க உள்ளே போய்த் தோண்டலாம், ஆனால் மேற்பரப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரணும். அடுத்த உதாரணம் நேரடியாகச் சாக்கடையைப் பற்றியது: தெரு லைன் மாறினால் அதுக்கு ஏத்த மாதிரி அடுத்தவர் நிலத்தில் இருக்கும் உங்க சாக்கடையை மாத்திக்கலாம், அவர் நிலத்தின் மேல் கூடுதல் சுமை ஏத்தாமல். 13-வது பிரிவில் கூட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்கிறதைப் பத்தியும் தனியா வருது, அதான் எங்க தாத்தா மனை கதை. பெயர், பழையபடி செய்துகொடு. ரோமில் பேசின அதே பேரம். இங்கிலாந்தின் சட்டச் சிந்தனையில் ரோமானியச் சட்டத்தின் பாதிப்பு உண்டு. இந்த ஒரு வரி அங்கிருந்து நேரே வந்ததுன்னு நான் சொல்ல வரல. பிரச்சினை ஒண்ணா இருந்தா பதிலும் ஒண்ணாத்தான் வரும் போல. நான் வக்கீல் இல்ல, உங்க வீட்டு விஷயத்துக்கு வக்கீலைப் பாருங்க.

காலையில பிரின்ட் எடுத்துக்கிட்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போற மாதிரிதான் போனேன், ஒத்துக்கறேன். ஆனா கூடவே மாடி பாத்ரூம் விஷயத்தையும் நானே சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு 24-வது பிரிவை ரெண்டு தடவை படிச்சார். "மேற்பரப்பைப் பழையபடின்னா, இதே டைல்ஸ் கிடைக்குமா தம்பி?" அவ்வளவுதான் அவருக்கு இருந்த கவலை. மூணு நாளா நாங்க யாரும் அதைக் கேக்கவே இல்ல. பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். அன்னிக்கே கொத்தனார் வந்து நாலு டைல்ஸைப் பெயர்த்தார்.

இங்கே ஒண்ணு சொல்லியே ஆகணும். பிளம்பர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். மூடியைத் தூக்கினதும் அவர் தரையில படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு அடைப்பை இழுத்தார். கிளவுஸ் இல்ல. நான் டார்ச் அடிச்சுக்கிட்டு அடைப்பைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், அவர் கையைப் பார்க்கல. வெளியே வந்தது முடி, எண்ணெய்க் கட்டி, அப்புறம் ஒரு கொத்து வெட் வைப்ஸ். மானிட்டர் துடைச்சுட்டு டாய்லெட்ல போடறது நான்தான். "இது யார் வீட்டு ஐட்டம்?"னு அங்கிள் கேட்டார். சொன்னேன்.

இந்த எபிசோடுக்கு எழுதும்போதுதான் கவனிச்சேன். உல்பியன் யார் யார் வீட்டுக்குள் போகலாம்னு அவ்வளவு நுணுக்கமா எழுதறார். கையை உள்ளே விடறவர் யாருன்னு அந்தத் தலைப்பில் வரவே இல்ல. வேற இடத்தில் தெரியவருது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் டிராஜன் பிளினிக்கு எழுதிய கடிதத்தில், தண்டனை வாங்கிப் பல வருஷமான வயதான கைதிகளைக் குளியலறைகள், சாலைகள், சாக்கடை தூர்வாருதல் போன்ற வேலைகளில் போடச் சொல்றார். தண்டனைக்குப் பக்கத்தில் வர்ற வேலைகள் என்பதுதான் காரணம். நம்ம ஊரில் தப்பு எதுவும் செய்யாமலே, பிறந்த சாதியால் அந்தத் தண்டனை கிடைச்சது. 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்தக் கூடாதுன்னு சொல்லுது. பாதுகாப்புக் கருவி கொடுக்காம ஆளை வச்சுச் செய்யறதைத்தான் ஆபத்தான முறைன்னு சட்டம் சொல்லுது. தடை உள்ளாட்சிக்கு மட்டும் இல்ல, தனிநபருக்கும். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தரணும்னு 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. எங்க சேம்பர் இடுப்பளவு ஆழம்தான், யாரும் இறங்கல. இருந்தாலும் பிளம்பரைக் கூப்பிட்டவன் நான். அந்த அண்ணனோட பேரைக்கூட நான் கேக்கல.

அதே டைல்ஸ் கிடைக்கல. அந்த டிசைனை நிறுத்திட்டாங்களாம். கிட்டத்தட்ட அதே நிறத்துல, ஒரு ஷேடு வெளிறினதா கிடைச்சது. மூடி மேல மட்டும் சட்டம் போட்டு, கொக்கி வச்சுத் தூக்கற மாதிரி பண்ணியாச்சு. செலவு எங்களுது. லைனை ஆறு இன்ச்சா மாத்தறதுக்கு மூணு வீட்டுக்கும் பொதுவா ஒரு எஸ்டிமேட் வாங்கியிருக்கோம், முன் வீட்டுக்காரர் இன்னும் யோசிக்கிறார். பிப்ரவரியில ஒரு தடவை மூடியைத் திறந்து ஜெட்டிங் மெஷின் வச்சு அடிச்சோம். வந்த ரெண்டு பேர்கிட்டயும் கிளவுஸ் இருக்கான்னு நான் கேக்கறதுக்குள்ள ஆன்ட்டி கேட்டுட்டாங்க. அந்த வெளிறின டைல் பளிச்சுனு தெரியுதுன்னு அது மேல ஒரு துளசித் தொட்டி வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அதை நான்தான் நகர்த்தணும். நல்ல வெயிட்டு.